கெட்டுப்போகாத ரிக்கார்டு

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று ஏழு வீடு முடிந்தது. ஏழு வீட்டிலும் டீ. வயிறு பானை மாதிரி இருக்கிறது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் எல்லாரிடமும் பொருத்தம் கேட்க வேண்டும். "தெரிஞ்சும் தெரியாமலும் மனசு நோக நடந்திருந்தா பொருந்திக்கிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனுஷருக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷர் மன்னித்தால்தான் உண்டு, அல்லாஹ்வே ஆனாலும் அவர்களைத்தான் போய்க் கேள் என்பான் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பயானில் சொன்னார். மே 17 சென்னையில் விமானம். மகன் ரசீதும் நானும்.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான். "நீங்க என்னத்த குற்றம் பண்ணிட்டிய?" அது உண்மையும்கூட. எழுபத்தைந்து வயதாகிறது. யார் வம்புக்கும் போனதில்லை. யாரிடமும் தலை குனிந்து நின்றதும் இல்லை. இதைப் பெருமைக்கு எழுதவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பட்டியலில் நாற்பத்துமூன்று பேர். நாத்தனார் ஆபிதா பீவி சத்தமாக வாசித்துவிட்டு, "விட்டுப்போனவங்க யாரும் உண்டா மைனி?" என்றாள். இல்லை என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேத்தி அஸீலா வேலை முடிந்து வந்து, "வாப்பும்மா, ஒங்க கொழும்புப் பையம்மார் பாட்டு போடட்டா?" என்று போனை எடுத்தாள். லாம்ப் போஸ்ட்ஸ் என்று நாலு பையன்கள். அறுபதுகளில் கொழும்பில் கொடிகட்டிப் பறந்தவர்கள். ரேடியோவில் வாரத்துக்கு மூன்று தடவையாவது வருவார்கள். இங்கிலீஷ்தான், ஆனால் இனிப்பாக, அடக்கமாக, கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி பாடுவார்கள். அவர்களுடைய பழைய பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு அஸீலா முகம் கழுவப் போனாள். பாட்டு முடிந்தது. போன் தானாக அடுத்ததற்குப் போனது.

முதலில் யாரோ மூச்சு இழுக்கிற சத்தம். பிறகு கொட்டு, பின்னாலிருந்து முன்னால் வந்தது. அப்படித்தான் எழுத வருகிறது. பாடுகிறவன் தண்ணீருக்குள் நின்று பாடுகிறான். திடீரென்று பாட்டு பைய பைய இழுத்து எருமை கத்துவது போலாகி, மறுபடி விறுவிறென்று ஓடியது.

கீரைக் காம்பு கையிலேயே நின்றுவிட்டது.

"ஏட்டி அஸீலா! இது என் ரிக்கார்டுல்லா! கெட்டுப்போன ரிக்கார்டு. இத எவன் போன்ல ஏத்துனான்?"

முகத்தில் சோப்போடு வந்து பார்த்தாள். "கெட்டுப்போகல வாப்பும்மா. வேணும்னே இப்படி எடுத்திருக்காங்க." கீழே எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னாள். 1969-இல் அந்தப் பையன்கள் இரண்டு மாதம் ஒரு அறைக்குள் அடைந்துகிடந்து, டேப்பைத் திருப்பிப் போட்டும், வேகத்தைக் கூட்டிக் குறைத்தும் ஆறு பாட்டு செய்தார்களாம். பழைய பாட்டைக் கேட்டு மயங்கியவர்கள் யாரும் இதை வாங்கவில்லையாம். பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒன்று வந்ததே தெரியாதாம். இப்போதுதான் எங்கெங்கோ இருக்கிற இளவட்டங்கள் தேடித் தேடிக் கேட்கிறார்களாம்.

வேணும்னே.

மஃரிப் தொழப் போனேன். எத்தனை ரக்அத் ஆனது என்று மறந்து, முதலிலிருந்து தொழுதேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். நாற்பத்துநாலாவது பெயர். சாரம்மாள்.

ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அதற்கு மேல் என்னை அனுப்பவில்லை. அவள் படித்தாள், பின்னால் நர்ஸ் ஆனாள். ஆனாலும் பழக்கம் விடவில்லை. அவள் அப்பா தலைமையாசிரியர், பாளையங்கோட்டை வீட்டில் ரிக்கார்டு பிளேயர் உண்டு. எங்கள் வீட்டில் மாமியார் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்கள். என் வீட்டுக்காரர், ரசீதின் வாப்பா, அப்போது கொழும்பில் ஜவுளிக்கடையில் நின்றார்கள். ஊருக்கு வருகிறவர்களிடம் கைலிச் சாரத்துக்குள் மடித்து ரிக்கார்டு கொடுத்துவிடுவார்கள். நான் தையல் படிக்கப் போகிறேன் என்று பஸ் ஏறுவேன். சாரம்மாள் ரிக்கார்டைப் போடுவாள். ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொல்லுவாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க அவள் சொல்லித் தெரிந்ததுதான்.

1969-இல் அந்தக் கடைசி ரிக்கார்டு வந்தது. பிரிக்காமல் அவளிடம் கொடுத்து வைத்தேன். காய்ச்சலில் ஒரு வாரம் போக முடியவில்லை. போன அன்று அவள் வீட்டில் எட்டு விருந்தாளிகள். ரிக்கார்டைப் போட்டாள். இழுத்தது, கத்தியது, பின்னால் ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வெயில்ல போட்டுக் கெடுத்திட்டியேளா!"

"இல்லட்டி. பாட்டே இப்படித்தான் இருக்கு."

"எந்த ஊர்லளா பாட்டு இப்படி இருக்கும்? அப்போ ஒன் வேதத்துல கைய வச்சுச் சத்தியம் பண்ணு."

"எங்க வீட்ல யாரும் சத்தியம் பண்ண மாட்டோம். இல்லன்னா இல்லதான்."

நான் பிறந்து வளர்ந்த இடத்தில், சத்தியம் என்றதும் பின்வாங்குகிறவர்தான் குற்றவாளி. அதற்கு மேல் விசாரணை கிடையாது. எட்டுப் பேர் முன்னால், அவள் அப்பா முன்னால் சொன்னேன்: "சத்தியத்துக்குப் பயப்படுதா, எல்லாரும் பாத்துக்கிடுங்க. கள்ளி." ரிக்கார்டை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் சபையில் சத்தியம் செய்வதே கூடாது என்று எத்தனையோ வருடம் கழித்து ஒரு டீச்சர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்காவது போயிருக்கலாம். ரிக்கார்டு கெட்டது நிஜம்தானே என்று இருந்துவிட்டேன்.

அதுவும் கெடவில்லை.

எங்கள் மேலப்பாளையத்திலிருந்து அவள் வீடு மூன்று மைல். ஐம்பத்தாறு வருடம். வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் ஒரு முறை பார்த்தேன், கண் ஆஸ்பத்திரியில் ஒரு முறை. இரண்டு முறையும் முதலில் முகத்தைத் திருப்பியது நான்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து எல்லாரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு, அஸீலாவிடம் ஆறு பாட்டையும் வரிசையாகப் போடச் சொன்னேன். அன்று பாதியிலேயே எழுந்து வந்தவள்தானே. மொத்தமும் கேட்டதே இல்லை.

இதை எப்படி எழுத?

சின்ன வயதில் கருப்பந்துறை ஆற்றில் மூச்சை அடக்கி முங்கினால், கரையில் துவைக்கிற சத்தம், ஆட்கள் பேசுகிற சத்தம் எல்லாம் உருண்டையாகி வருமே, இரண்டாவது பாட்டு அதுதான். நாலாவதில் கொட்டு தறிச் சத்தம் மாதிரி போகிறது. ஆனால் நெய்தது பிரிகிற மாதிரி, துணி நூலாகிற மாதிரி. ஐந்தாவதில் ஒருவன் சிரிக்கிறான். எதற்கு என்று தெரியவில்லை. நானும் சிரித்துவிட்டேன்.

அந்த அடக்கமான மாப்பிள்ளைப் பையன்களுக்குள் இவ்வளவு கூத்து இருந்திருக்கிறது! நாலு பேரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றில் குதித்தது போல. இத்தனை காலம் இவர்களைத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நாலாவது பாட்டை மூன்று தடவை போடச் சொன்னேன். அஸீலா, "என் ஃப்ரெண்ட்ஸ்கூட இத ஒரு தடவைக்கு மேல தாங்க மாட்டாங்க வாப்பும்மா" என்றாள். அவர்களுக்குக் காது போதாது என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தேங்காய் அரைக்கும்போது முதல் பாட்டைப் போட்டிருந்தேன். ரசீது மாடியிலிருந்து ஓடி வந்தான். "உம்மா, தண்ணி மோட்டார் காத்து வாங்குது, நிறுத்துங்க!"

ஆபிதா பீவி வந்திருந்தாள். கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டாள். "ஹஜ்ஜுக்குப் போற நேரத்துல பேய் ஓட்டுற சத்தத்தக் கேக்கியளே மைனி."

"பேய் இல்ல. கொழும்புக்காரப் பையம்மாரு."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். போகும்போது, "அந்தச் சிரிக்கவன் மட்டும் யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

நல்ல சிரிப்பு. ஆனால் இடையில் இடையில் நெஞ்சில் ஒன்று வந்து உட்காருகிறது. அவள் மன்னிக்காவிட்டால்? எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பேன்?

ஏப்ரல் 15, செவ்வாய்

போக வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

இன்று போகவில்லை. முழங்கால் வலி. பொய். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 18, வெள்ளி

போய்விட்டேன்! அஸீலாவுக்கு லீவு. அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். முருகன்குறிச்சியில் இறங்கியதும் வழி கேட்கத் தேவைப்படவில்லை. பச்சை கேட் இப்போது வெள்ளையாகியிருக்கிறது. பூட்டு. தெருவே காலி. எதிர் வீட்டு வாட்ச்மேன், "பெரிய வெள்ளிக்கிழம இல்லா? எல்லாரும் கோயில்ல இருக்காவ. மூணு மணிக்கு மேலதான் வருவாவ" என்றார்.

லீவு எதற்கு என்று நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்க இந்த உலகத்தில் வேறு நாள் கிடைக்கவில்லை எனக்கு.

அஸீலா காத்திருக்கலாம் என்றாள். அவர்கள் துக்க நாளில் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன். காரணம் அது மட்டும் இல்லை. பூட்டைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி. வெட்கக்கேடு.

ஏப்ரல் 22, செவ்வாய்

நிதானமாக எழுதுகிறேன். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

இன்று தனியாகப் போனேன். போனில் ஆறு பாட்டையும் தொட்டால் பாடுகிற மாதிரி அஸீலா வைத்துக்கொடுத்தாள். சாரம்மாளே வந்து கேட்டைத் திறந்தாள். முடி பஞ்சாக வெளுத்திருக்கிறது. முதுகு மட்டும் நேராக, அன்றைக்குப் போலவே. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னட்டி, மேலப்பாளையத்துல அம்பத்தாறு வருஷமா பஸ் ஸ்ட்ரைக்கா?"

உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டை மூடவும் இல்லை. நுழைந்துவிட்டேன்.

உட்காராமலே சொன்னேன். "சாரா, ஹஜ்ஜுக்குப் போறேன். ஒனக்கு நான் பண்ணினதப் பொருந்திக்கிடு."

"ஓ." நாற்காலியைக் காட்டினாள். "நீ மக்காவுக்குப் போக என் கையெழுத்து வேணும். அதுக்குத்தான் வந்திருக்க. ஹஜ்ஜு இல்லன்னா வந்திருப்பியா?"

வந்திருப்பேனா? எழுதும்போதும் யோசிக்கிறேன். அங்கே பொய் சொல்ல முடியவில்லை. "தெரியாது" என்றேன். "ஆனா அந்த ரிக்கார்டு கெடலளா. போன புதன்கிழமைக்கு முந்தின புதன்தான் எனக்குத் தெரிஞ்சது. அதக் கேட்ட பிறகு எனக்கு ஒண்ணும் ஓடல."

நான் போனைத் தொட்டேன். மூச்சு இழுக்கிற சத்தம் வந்தது. சாரம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. அவள் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது, ஒரு இடம் தப்பாமல். ஒரு தடவை கேட்டவள் போடுகிற தாளம் இல்லை அது.

மூன்றாவது பாட்டில், பாதியில், விரலைத் தூக்கி நிறுத்தினாள். எதற்கோ காத்திருப்பது போல. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தாள்.

"எங்க அந்த டக்கு?"

"எந்த டக்கு?"

"இங்கன ஒரு 'டக்'னு வந்து, ஒரு வரி தாண்டிப் போகுமே—"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குக் கொடுக்காமல் அவளே குடித்தாள்.

"என் தம்பி" என்றாள். "அப்போ அவனுக்குப் பதினொரு வயசு. நீ வராத அந்த வாரம் ஊசிய இழுத்திட்டான். மூணாவது பாட்டுல ஒரு கீறல். பாட்டே இப்படித்தான்னு நான் சொன்னது நிஜம். கீறல நான் சொல்லல. அப்பாக்குத் தெரிஞ்சா அவன் தோலு உரிஞ்சிருக்கும்."

"அப்போ சத்தியம் பண்ணாதது—"

"எங்க வழக்கம்தான். ஆனா அன்னைக்கு அந்த வழக்கம் எனக்கு ரொம்ப வசதியாப் போச்சுட்டி." தலை குனிந்திருந்தாள். "நீ கள்ளின்னதும், பாதி எனக்கு உரியதுதான்னு தோணுச்சு. அதான் ஒன் பின்னால ஓடி வரல. பிறகு ஒவ்வொரு வருஷமும் வீம்பு ஏறிப்போச்சு."

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. "அப்போ நான் சொன்னதுல பாதி சரிதான!"

"பாதியா? ஒரு டக்கு!"

"டக்குன்னாலும் டக்குதான!"

"ஒரு டக்குக்கு எட்டுப் பேர் முன்னால கள்ளின்னு சொல்லுவியாளா நீ?"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சிரிப்பில் மட்டும் வந்த கண்ணீர் இல்லை அது. எனக்கும்தான்.

பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னாள். "பொருந்திக்கிட்டேன். நீயும் என்னப் பொருந்திக்கிடு." எங்கள் வார்த்தை, அவள் வாயில் எவ்வளவு சரியாக வந்தது. பொருந்திக்கிட்டேன் என்றேன்.

அந்த ரிக்கார்டை அவள் என்ன செய்தாள் தெரியுமா? தூக்கிப் போடவில்லை. பிளேயர் உயிரை விடும்வரை, பதினாலு வருடம் கேட்டிருக்கிறாள். "நைட் டியூட்டி முடிச்சு வந்தா இதுதான். அந்த டக்கு இல்லாம எனக்கு இது பாட்டாவே தெரியல" என்கிறாள். என் ரிக்கார்டை! நான் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்காத என் ரிக்கார்டை! பொருந்திக்கொண்ட அரை மணி நேரத்தில் மறுபடி சண்டை பிடிக்க வேண்டியிருந்தது.

"சரி, மூணாவதுக்கு அர்த்தம் சொல்லு" என்றேன்.

"கடலுக்கு அடியில ஒரு தந்தி ஆபீஸ். முங்கிப்போன கப்பலுக்கெல்லாம் தந்தி வருது. வாங்க ஆள் இல்லாம கிளார்க்கு நிக்கான்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒரு மண்ணும் கிடையாது. கஞ்சாவ இழுத்திட்டு எழுதியிருப்பானுவ."

"யா அல்லாஹ்!" என்றேன். ஆனால் அந்தக் கிளார்க்கை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. அவள் ரசத்தில் இன்றைக்கும் உப்பு கூடுதல்.

ஏப்ரல் 23, புதன்

பட்டியலில் நாற்பத்துநாலு என்று எழுதி, என் கையாலேயே டிக் அடித்தேன். ஆபிதா பீவி, "இது யாரு?" என்றாள். முழுக்கதையும் சொன்னேன். கள்ளி என்று சொன்ன இடத்தையும் விடவில்லை. அவள் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "மைனி, எனக்கும் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். 1988-இல் காணாமல் போன என் வெள்ளிக் குங்குமப்பூச் சிமிழ். சரி, போகட்டும்.

மே 15, வியாழன்

வழியனுப்ப வீடு நிறைய ஆள். சாரம்மாள் வெள்ளைச் சேலையில் வந்து எல்லாப் பெண்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மருந்து டப்பாவை வாங்கி, காலை, மதியம், இரவு என்று பிரித்து ரசீதிடம் பாடம் ஒப்பிக்கச் சொன்னாள். அவனும் கை கட்டி நின்று ஒப்பித்தான். "இவ தண்ணி குடிக்க மாட்டா. அங்க வெயிலு கொல்லும். மணிக்கு ஒரு தடவ குடிக்கவைக்கணும், கேட்டியா?"

யாரோ, நீங்கள் யார் என்று கேட்டார்கள். "அஞ்சாம் வகுப்பு, ரெண்டாவது பெஞ்சு" என்றாள்.

ஜூலை 9, புதன்

ஹாஜியம்மா என்று எல்லாரும் கூப்பிடுவது இன்னும் பழகவில்லை. சாரம்மாள் மட்டும் ஏட்டி என்கிறாள்.

புதன்கிழமை தோறும் வருகிறாள். இன்று பெரிய சண்டை. நாலாவது பாட்டுதான் ஆறிலும் சிறந்தது என்றேன். அது வெறும் இரைச்சல், இரண்டாவதுதான் பாட்டு என்றாள். ஒனக்குத் தாளம் தெரியாது என்றேன். ஒனக்கு இங்கிலீஷே தெரியாது என்றாள். அஸீலா நடுவில் வந்து ஐந்தாவது என்று ஏதோ சொல்ல, இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளைத் துரத்தினோம். மறுபடி ஆரம்பித்தது. "இனி ஒன் வாசப்படிய மிதிச்சா பாரு" என்று பையை எடுத்துக்கொண்டு சாரம்மாள் கிளம்பிவிட்டாள். அப்போது மணி மூன்று.

நாலரைக்குப் போன் வந்தது.

"வீட்டுக்கு வந்து சேந்தாச்சு. பஸ்ல யோசிச்சுப் பாத்தேன். நாலாவதுல கடைசி ஒரு நிமிஷம் பரவாயில்லதான்."

"ஒரு நிமிஷமா? மொத்தமுமாளா?"

"ஒரு நிமிஷம்னா ஒரு நிமிஷம்தான்" என்று வைத்துவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நானும் மூன்று தடவை போனைக் கையில் எடுத்திருந்தேன்.